தாஜ்மகாலுக்குள் புளியோதரைக்கு அனுமதி இல்லை: முதல்முறை போகிறவர்களுக்கு

தாஜ்மகாலைப் பார்க்க வந்திருக்கும் தமிழ்க் குடும்பத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அப்பாவின் தோளில் ஒரு பை தொங்கும். உள்ளே புளியோதரைப் பொட்டலம், முறுக்கு டப்பா, பவர் பேங்க், சார்ஜர், ஆப்பிள் நறுக்க ஒரு சின்னக் கத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ட்ரைபாட். சோதனைச் சாவடியில் அந்தப் பை ஸ்கேனருக்குள் ஒருமுறை போகும், திரும்பி வரும், மறுபடியும் போகும். காவலர் இந்தியில் ஏதோ கேட்பார். அப்பா ஆங்கிலத்தில் பதில் சொல்வார். அம்மா தமிழில் "வீட்டுச் சாப்பாடுதாங்க" என்று வாதாடுவார். கடைசியில் பாதிக் குடும்பம் உள்ளே, பாதிக் குடும்பம் லாக்கர் தேடி வெளியே.

தாஜ்மகாலில் நேரும் அசடுகளில் முக்கால்வாசி வாசலில் தொடங்குவதில்லை. வீட்டில் பை கட்டும்போதும் ரயில் டிக்கெட் போடும்போதுமே தொடங்கிவிடுகின்றன. அங்கிருந்தே வருவோம்.

கிழமை பார்த்து டிக்கெட் போடுங்கள்

வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. அன்று மதியம் அங்குள்ள மசூதிக்குத் தொழ வருகிறவர்களுக்கு மட்டும்தான் வழி. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போலத் தோன்றும். ஆனாலும் ஒவ்வொரு வெள்ளியும் பூட்டிய வாசலுக்கு முன்னால் தொப்பியும் கூலிங்கிளாஸுமாக ஒரு கூட்டம் நிற்கும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. சென்னை சென்ட்ரலில் இரவு ஏறும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நடுவில் ஒரு முழுப் பகலை விழுங்கிவிட்டு மூன்றாம் நாள் விடியலுக்கு முன் ஆக்ரா கண்டோன்மென்ட்டைத் தொடுகிறது. ஆக, புதன் இரவு ஏறினால் இறங்குவது வெள்ளி. "புதன்கிழமைதானே கிளம்புகிறோம்" என்று நினைத்தவர்கள் தொழுகை நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டெல்லி நிஜாமுதீனிலிருந்து ஆக்ரா வழியாகப் போகும் கதிமான் எக்ஸ்பிரஸ் வெள்ளிக்கிழமைகளில் ஓடுவதே இல்லை. ரயிலுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கலாம்.

இன்னொன்று: ரயில் ஆக்ராவில் நிற்பது நல்ல தூக்க நேரத்தில். அலாரம் வைக்காதவர்கள் கண்விழிக்கும்போது டெல்லி வந்திருக்கும். டிக்கெட்டில் 'ஆக்ரா கண்டோன்மென்ட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஆக்ரா ஃபோர்ட்' வேறு நிலையம். அதுவும் ஊருக்குள்ளேயே இருப்பதால் பாதகமில்லை. 'டுண்ட்லா'வில் இறங்கினால்தான் இன்னும் 25 கிலோமீட்டர் சாலைப் பயணம் பாக்கி.

வெள்ளியில் மாட்டிக்கொண்டே விட்டீர்களா? பதற வேண்டாம். ஆக்ரா கோட்டை அன்றும் திறந்திருக்கும். 1658-இல் மகன் ஔரங்கசீப் சிறைவைத்த ஷாஜகான், 1666-இல் இறக்கும்வரை அந்தக் கோட்டையிலிருந்துதான் தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய உங்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். மாலையில் யமுனைக்கு அக்கரையில் உள்ள மேத்தாப் பாக் தோட்டத்துக்குப் போனால் தாஜ்மகாலின் பின்பக்கம் முழுசாகத் தெரியும், கூட்டமும் குறைவு. ஷாஜகான் தனக்கென்று கறுப்புத் தாஜ்மகால் கட்ட நினைத்த இடம் இது என்று ஆட்டோக்காரர் சொல்வார். தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தது ஒரு பெரிய எண்கோணக் குளம்தான். ஆட்டோக்காரரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

மாதம் எது? அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, பிறகு பிப்ரவரி, மார்ச். மே, ஜூன் வெயில் 45 டிகிரியைத் தொடும். வேலூர்க்காரர்களே வாயைப் பிளப்பார்கள். டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் பனிமூட்டக் காலம். ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். அடித்துப் பிடித்து விடியற்காலை உள்ளே போனால் 73 மீட்டர் உயரக் கட்டடம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திரை தொங்கும். அந்த மாதங்களில் பத்து மணிக்கு மேல் போவதே புத்திசாலித்தனம்.

டிக்கெட்

சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பு திறந்து, அஸ்தமனத்துக்கு அரைமணி முன்பு மூடுவார்கள். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை இருக்கும் பிரதான கட்டடத்துக்குள் போக வேண்டுமானால் மேலும் 200 ரூபாய். வெளிநாட்டவருக்கு 1100, இலங்கை போன்ற சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு 540. அவர்களும் மேலே ஏற அதே 200 தனியாகக் கட்ட வேண்டும். 15 வயதுக்குக் கீழே இலவசம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தால்தான் 540. இல்லையென்றால் 1100 கேட்பார்கள். தோற்றத்தையும் தமிழையும் பார்த்து 50 ரூபாய் டிக்கெட் எடுத்துவிடலாம் என்று முயல வேண்டாம், வாசலில் அடையாள அட்டை கேட்பதுண்டு. கட்டணங்கள் அவ்வப்போது மாறும். போவதற்கு முந்தைய நாள் தொல்லியல் துறையின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே வாங்கிவிடுங்கள். சில ரூபாய் குறையும், கவுண்டர் வரிசையும் மிச்சம்.

அந்த 200 ரூபாயை மிச்சம் பிடிப்பது முதல்முறை வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. 2,000 கிலோமீட்டர் வந்துவிட்டு மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துத் திரும்புகிறார்கள். பளிங்கில் பதித்த கல்வேலையைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க மேலே ஏறித்தான் ஆகவேண்டும்.

ஒரு டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். மரத்தடியில் குட்டித் தூக்கம் போடும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள்.

பை

கொண்டுபோகக் கூடாதவை: எந்தச் சாப்பாட்டுப் பொருளும் (பிஸ்கட், மிட்டாய், சூயிங்கம் உட்பட), புகையிலை, தீப்பெட்டி, லைட்டர், கத்தி, ட்ரைபாட், சார்ஜர், ஒயர், ஹெட்போன், ட்ரோன். பெரிய பையும் தடித்த புத்தகமும் தடையில்லை என்றாலும் சோதனையை இழுத்தடிக்கும். பவர் பேங்க்கை ஒருநாள் விடுவார்கள், ஒருநாள் விடமாட்டார்கள். விடுதியிலேயே போனை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை: போன், பணம், அடையாள அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில். சட்டைப்பையில் அடங்கும் சங்கதி. பையே இல்லாமல் போகிறவர் ஐந்து நிமிடத்தில் உள்ளே இருப்பார். பையோடு போகிறவரைப் பற்றி மேலேயே பார்த்தோம். சட்டைப்பையின் மூலையில் கிடக்கும் பாக்குப் பொட்டலத்தையும் மறக்காதீர்கள். தடவிச் சோதிக்கும் காவலர் கைக்கு முதலில் தட்டுப்படுவது அதுதான்.

லாக்கர் வாசல்பக்கம் உண்டு. அதில் ஒரு கண்ணி: கிழக்கு வாசலில் பையை வைத்துவிட்டு, அழகில் மயங்கி மேற்கு வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார்கள். பிறகு அந்த மதில் சுவரைச் சுற்றி நடக்கும்போதுதான் முகலாயர்கள் எவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்பது காலுக்குப் புரியும். செருப்பை எங்கே விட்டோம் என்று கோயிலில் மனத்தில் குறித்துக்கொள்வதுபோல வாசலின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வாசல்?

தெற்கு வாசல் வழியாக இப்போது உள்ளே விடுவதில்லை. கிழக்கு, மேற்கு இரண்டுதான். ரயிலில் வந்து ஆட்டோ பிடிக்கிறவர்களுக்கு மேற்கு வாசல் பக்கம். கூட்டமும் அங்கேதான் அதிகம். காரில் வருகிறவர்கள் கிழக்கே ஷில்ப்கிராம் நிறுத்தத்தில் வண்டியை விடுவார்கள். தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதியில்லை. அங்கிருந்து பேட்டரி வண்டி, அல்லது நடை. காலையில் நடப்பதே சுகம்.

கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்து தாஜ்மகாலுக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். வெளியே வந்ததும் உங்களைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ப்ரீபெய்டு கவுண்டருக்குப் போங்கள். "இன்று கிழக்கு வாசல் மூடல்", "டிக்கெட் கவுண்டர் வேலை செய்யவில்லை, நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். இதற்குத் தேவையான இந்தி மொத்தம் இரண்டே சொல்: "நஹீ(ன்) சாஹியே". வேண்டாம் என்று பொருள். நின்று சொல்லக் கூடாது. நடந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். நின்றுவிட்டால் பேரம் தொடங்கிவிட்டதாக அர்த்தம்.

உள்ளே போனதும்

சோதனை முடிந்ததும் முதலில் தெரிவது தாஜ்மகால் இல்லை. செங்கல் நிறத்தில் ஒரு பிரம்மாண்ட வாயில் கட்டடம். "இதுதானா?" என்று சிலர் அதன் முன்னால் நின்றே நாற்பது போட்டோ எடுத்துவிடுகிறார்கள். இது வாயில். மணற்கல். உள்ளே நடங்கள்.

வளைவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தூரத்தில் நின்று பார்க்கும்போது வளைவு முழுக்கத் தாஜ்மகால் நிறைந்து, எதிரிலேயே நிற்பதுபோல இருக்கும். முன்னால் நடக்க நடக்க அது சின்னதாகிப் பின்வாங்குவதுபோலத் தோன்றும். வளைவு ஒரு சட்டம். அருகில் போகும்போது சட்டம் வேகமாகப் பெரிதாகிறது. 300 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கட்டடம் அந்த வேகத்தில் பெரிதாவதில்லை. ஆகவே ஒப்பீட்டில் சிறுத்துப்போகிறது. இதைப் பின்பக்கமாக நடந்து சோதித்துப் பார்ப்பதே முறை. பின்னால் ஒரு மராட்டிப் பள்ளிச் சுற்றுலாக் குழு வரவில்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாயிலின் மேல் ஓடும் அரபு எழுத்துகளையும் பாருங்கள். கீழிருந்து மேல்வரை ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் உயரே போகப் போக எழுத்தின் அளவு கூடுகிறது. கீழே நிற்கிறவர் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதற்காகச் செய்த கணக்கு. எழுதியவர் ஷீராஸ் ஊரைச் சேர்ந்த அமானத் கான்.

குமிழைப் பிடிக்கும் போட்டோ

குவிமாடத்தின் உச்சிக் கலசத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குவதுபோல ஒரு போட்டோ எடுக்காமல் யாரும் வருவதில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாக எடுப்போம். பத்துக்கு எட்டுப் படங்களில் விரல் ஒரு பக்கமும் கலசம் ஒரு பக்கமுமாக, ஆகாயத்தில் கொசுவைப் பிடிக்கும் தோரணைதான் மிஞ்சுகிறது.

தப்பு எங்கே என்றால், படம் எடுக்கிறவர் அசையாமல் நின்றுகொண்டு, நிற்கிறவரை "கையை இன்னும் மேலே... வலப்பக்கம்... உன் வலம் இல்லை, என் வலம்" என்று ஆட்டிவைப்பார். தலைகீழாகச் செய்ய வேண்டும். நிற்கிறவர் கையைத் தூக்கி, விரல்களுக்கு இடையே ஒரு கோலிக்குண்டு அளவு இடைவெளி விட்டு, சிலையாகிவிட வேண்டும். அசைய வேண்டியது போன். அரை அடி கீழே இறக்கினால் விரல் மேலே போகும். இடப்பக்கம் நகர்த்தினால் விரல் வலப்பக்கம் போகும். பத்து விநாடியில் பொருந்திவிடும்.

நிற்கிறவருக்கும் போனுக்கும் நடுவே மூன்று மீட்டராவது இருக்கட்டும். அதற்குள் வந்தால் விரல் தெளிவாகவும் தாஜ்மகால் மங்கலாகவும் விழும். போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்குவதுதான் அதன் வேலை, இங்கே பின்னணிக்காகத்தான் வந்திருக்கிறோம். திரையில் தாஜ்மகால் மேல் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். வாயில் கட்டடத்திலிருந்து இறங்கும் படிகளின் உச்சி இதற்குத் தோதான இடம். ஆனால் அங்கே எல்லோரும் நிற்பார்கள். கொஞ்சம் இறங்கி நீர்வாய்க்காலின் ஓரத்துக்கு வந்தால் தள்ளுமுள்ளு குறையும்.

நீரில் பிரதிபலிப்பு வேண்டுமானால் போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரை ஒட்டி இருக்கும்படி இறக்குங்கள். நீரூற்று ஓடும்போது பிம்பம் உடைந்துவிடும்; திறந்தவுடன் போகிறவர்களுக்கே அமைதியான நீர் கிடைக்கும். போனுக்குக் கைக்கயிறு போட்டுக்கொள்வது உத்தமம்.

தோட்டத்தின் நடுமேடையில் உள்ள பளிங்கு பெஞ்சில் உட்கார வரிசை நிற்கும். 1992-இல் இளவரசி டயானா தனியே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட இடம். அவர் தனிமை தெரியவேண்டும் என்று உட்கார்ந்த பெஞ்சில் இப்போது ஏழு பேர் நெருக்கி உட்காருகிறார்கள். உரிமம் வாங்கிய போட்டோக்காரர்களும் அங்கே சுற்றுவார்கள். அவர்களிடம் எடுப்பதானால் எத்தனை படம், ஒன்று எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பத்துப் படம் என்று தொடங்கி அறுபதில் முடிப்பது அவர்கள் தொழில்.

மேலே

திறக்கும் நேரத்தில் போனால் போட்டோவைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நேரே கல்லறைக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். தோட்டம் எங்கேயும் போகாது, வரிசை வளர்ந்துவிடும். மேலே ஏறுமுன் செருப்புக்கு மேலேயே காலுறை மாட்ட வேண்டும், அல்லது செருப்பைக் கழற்றி விட வேண்டும். அந்தத் துணிக் காலுறை பளிங்கில் வழுக்கும், குறிப்பாகப் படியில். கோயிலுக்குப் போய்ப் பழகிய நமக்கு வெறுங்காலே வசதி. வெயில் காலத்து மதியத்தில் மட்டும் பளிங்கில் தாக்குப்பிடிக்கும் கால் கீழே சிவப்புக் கல்லில் குதிக்கும்.

உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. எதிரொலி மிகுந்த கூடம். யாரோ ஒருவர் "ஓ" என்று கத்துவார், காவலர் விசில் ஊதுவார், விசிலும் சேர்ந்து எதிரொலிக்கும். பளிங்குச் சல்லடைத் தடுப்புக்குள் இரண்டு சமாதிகள் தெரியும். நட்டநடுவில் மும்தாஜ். 1631-இல் புர்ஹான்பூரில் பிரசவத்தில் இறந்தவர். அடுத்த ஆண்டே கட்டட வேலை தொடங்கியது. பக்கத்தில் ஷாஜகானுடையது. பிற்பாடு சேர்த்தது என்பதால் நடுவிலிருந்து விலகி நிற்கிறது. கோடு போட்டதுபோல இரு பக்கமும் ஒத்திருக்கும் இந்த வளாகத்தில் பொருந்தாமல் நிற்பது, கட்டியவரின் சமாதி ஒன்றுதான்.

இரண்டும் மேல்தோற்றம் மட்டுமே. உண்மையான கல்லறைகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஷாஜகானின் உர்ஸ், அதாவது நினைவுநாள் விழா, நடக்கும் மூன்று நாட்கள் மட்டும் அதைத் திறப்பார்கள். நுழைவும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப.

வெளியே வந்து சுவரில் பதித்த பூக்களை நிதானமாகப் பாருங்கள். பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. சிவப்புக் கல் இதழ்மேல் வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டினால் கனல்போல ஒளிரும். எங்காவது சாரம் கட்டியிருந்தால் கோபப்பட வேண்டாம். மஞ்சளித்துப்போன பளிங்குக்கு அவ்வப்போது முல்தானி மிட்டி பூசிக் கழுவுகிறார்கள். நம் வீட்டில் முகத்துக்குப் பூசும் அதே மண்தான்.

வாயிலிலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் மசூதி, வலப்பக்கம் அதேபோல இன்னொரு கட்டடம். இரண்டாவதற்கு 'ஜவாப்' என்று பெயர். பதில் என்று பொருள். மசூதிக்கு ஈடாக மறுபக்கம் ஏதாவது வேண்டுமே என்று கட்டியது. காலையில் போனால் இந்த ஜவாபின் வளைவுக்குள் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எதிரே தாஜ்மகாலின் கிழக்கு முகம் இளஞ்சிவப்பாக வெளுத்துக்கொண்டிருக்கும். மாலையில் மசூதிப்பக்கம் இதே வேலையைச் செய்யும். பலர் இதைத் தெரியாமல் காலையில் மசூதிப்பக்கம் நின்று சூரியனை நேரே படம் எடுத்து, கறுப்புத் தாஜ்மகாலோடு ஊர் திரும்புகிறார்கள். ஷாஜகானால் முடியாதது!

நிலவில்

பௌர்ணமியும் அதற்கு முன்னிரண்டு, பின்னிரண்டு இரவுகளும் ஆக மாதம் ஐந்து இரவு தாஜ்மகாலைப் பார்க்க விடுவார்கள். வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் நீங்கலாக. இரவு 8.30 முதல் 12.30 வரை, ஒரு தடவைக்கு 50 பேர், ஆளுக்கு அரைமணி. முந்தைய நாளே டிக்கெட் வாங்க வேண்டும். வாயில் பக்கத்து மேடையிலிருந்து தூரத்துப் பார்வைதான், கிட்டே விடமாட்டார்கள். முதல்முறை போகிறவர்கள் பகலில் பார்த்துவிட்டு மனம் கேட்காவிட்டால் மட்டும் இதற்குப் போகலாம். பனிக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

வெளியே வந்த பிறகு

ஆட்டோக்காரர் "ஐந்து நிமிடம், பார்த்தால் போதும், வாங்க வேண்டாம்" என்று ஒரு பளிங்குக் கடையில் இறக்குவார். தாஜ்மகாலைக் கட்டியவர்களின் வாரிசு அங்கே உட்கார்ந்திருப்பார். வாரிசுகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். குட்டித் தாஜ்மகாலை பளிங்கு என்று கொடுத்தால் அடிப்பக்கத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் அது மாக்கல், அதாவது பாட்டி வீட்டுக் கல்சட்டியின் உறவுக்காரக் கல். தப்பான பொருளில்லை, பளிங்கு விலைதான் தப்பு.

பேட்டா வாங்காமல் ஆக்ராவை விட்டுக் கிளம்ப முடியாது. நம்மூரில் திருஷ்டி சுற்றி உடைக்கிற வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்வது. காசி அல்வாவுக்குப் பங்காளி. கடைக்குக் கடை "நாங்கள்தான் அசல்" என்ற பலகை தொங்கும். கால் கிலோ வாங்கித் தின்று பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்குங்கள். சென்னைவரை வரவேண்டுமானால் உலர்ந்த வெள்ளைப் பேட்டாவை எடுங்கள். குங்குமப்பூ போட்டுப் பாகில் மிதக்கும் 'அங்கூரி' வகை ருசி அதிகம்தான், ஆனால் போபால் தாண்டுவதற்குள் டப்பா கசிந்து பையிலுள்ள துணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். புளியோதரை காலியான டப்பா இருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு அதற்குள் வையுங்கள். மூடி கொஞ்சம் இறுக்கம்.